தாடியஸ் ஸ்டீவன்ஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாடியஸ் ஸ்டீவன்ஸ் என்பவர் யார்?

பென்சில்வேனியா மாநிலத்தின் லாங்காஸ்டர் நகரிலிருந்து அமெரிக்கக் காங்கிரசின் பிரதிநிதிகள் சபைக்கு 1849 முதல் 1853 வரையும், பிறகு 1859 முதல் 1868-இல் இறக்கும் வரையிலும் உறுப்பினராக இருந்தவர். அவர் குடியரசுத் தலைவராகவோ அமைச்சராகவோ இருந்ததில்லை. சபாநாயகர் நாற்காலியிலும் அமர்ந்ததில்லை. இருந்தும், உள்நாட்டுப் போருக்கான பணத்தைத் திரட்டிய சட்டங்கள், போருக்குப் பின் தென்மாநிலங்களை மீண்டும் ஒன்றியத்தில் சேர்ப்பதற்கான நிபந்தனைகள், குடியுரிமையை வரையறுத்த 14-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் ஆகியவற்றில் அவருடைய கை படாத பகுதி குறைவு. குழுத் தலைவர் என்ற ஒரே பதவியை வைத்துக்கொண்டு அவர் இவ்வளவையும் செய்தார். சட்டமன்ற வேலை என்றால் மேடைப்பேச்சு என்று நினைப்பவர்கள் படிக்க வேண்டிய வாழ்க்கை அது.

அவருடைய இளமைக்காலம் எப்படி இருந்தது?

வெர்மான்ட் மாநிலத்தின் டான்வில் என்ற ஊரில் 1792 ஏப்ரல் 4-ஆம் நாள் பிறந்தார். பிறவியிலேயே ஒரு கால் வளைந்திருந்ததால் வாழ்நாள் முழுவதும் தாங்கித் தாங்கியே நடந்தார். காலணி தைத்துப் பிழைத்த தந்தை குடும்பத்தைக் கைவிட்டுப் போய்விட, தாய் சாரா ஸ்டீவன்ஸ் நான்கு ஆண்பிள்ளைகளையும் தனியாக வளர்த்தார். வயல்வேலைக்கு உதவாத மகனைப் படிக்க வைத்துவிட வேண்டும் என்பதற்காகவே அவர் பள்ளி இருந்த பீச்சம் என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தார் என்று சொல்வார்கள். டார்ட்மத் கல்லூரியில் 1814-இல் பட்டம் பெற்ற ஸ்டீவன்ஸ், பென்சில்வேனியாவுக்கு வந்து பள்ளி ஆசிரியராக இருந்துகொண்டே சட்டம் படித்து, 1816-இல் கெட்டிஸ்பர்க்கில் வக்கீல் தொழிலைத் தொடங்கினார். ஏழைத் தாயின் உழைப்பால் கிடைத்த படிப்பு அது என்பதை அவர் கடைசிவரை மறக்கவில்லை.

அவர் தொடக்கத்திலிருந்தே அடிமை முறையை எதிர்த்தாரா?

செயலில் அப்படிச் சொல்ல முடியாது. 1821-இல் பென்சில்வேனியா உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கில் அவர் அடிமைச் சொந்தக்காரரின் தரப்பில் ஆஜரானார். மேரிலாண்டில் அடிமையாக இருந்த சாரிட்டி பட்லர் என்ற பெண், தன்னுடைய எஜமானர் வீட்டாருடன் பென்சில்வேனியாவில் தங்கிய நாள்களைக் கூட்டினால் ஆறு மாதங்களைத் தாண்டுகிறது என்றும், 1780-ஆம் ஆண்டின் மாநிலச் சட்டப்படி தான் விடுதலை பெற்றவள் என்றும் வாதிட்டார். அந்த ஆறு மாதங்கள் இடைவெளியின்றித் தொடர்ந்திருக்க வேண்டும் என்பது ஸ்டீவன்சின் வாதம். நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. சாரிட்டி பட்லரும் அவருடைய பிள்ளைகளும் மீண்டும் அடிமைகளானார்கள்.

அதன்பின் அவர் தப்பியோடி வந்த அடிமைகளுக்காக வாதாடுபவராக மாறினார். இந்த வழக்குதான் அவரை மாற்றியது என்று எழுதுவோர் உண்டு. அவரே அதைப்பற்றி விரிவாக எழுதி வைக்காததால், காலவரிசை அப்படி இருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்வதே சரி. ஐயத்துக்கு இடமில்லாத சான்று 1838-இல் கிடைக்கிறது. பென்சில்வேனியாவின் புதிய அரசியலமைப்பை எழுதிய மாநாட்டில் அவர் ஓர் உறுப்பினர். அந்த ஆவணம் வாக்குரிமையை வெள்ளையருக்கு மட்டும் என்று சுருக்கியதால், பல மாதங்கள் உட்கார்ந்து உருவாக்கிய அந்த அரசியலமைப்பில் கையெழுத்திட மறுத்துவிட்டார்.

மாநிலச் சட்டமன்றத்தில் அவர் செய்த முக்கியமான காரியம் எது?

இலவசப் பள்ளிகளைக் காப்பாற்றியது. ஃப்ரீமேசன் அமைப்பின் இரகசியச் செல்வாக்கை எதிர்த்து உருவான ஒரு கட்சியின் சார்பில் அவர் 1833-இல் மாநிலப் பிரதிநிதிகள் சபைக்கு முதன்முதலில் தேர்ந்தெடுக்கப்பட்டார். மறு ஆண்டே பென்சில்வேனியா, வரிப்பணத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுப்பள்ளி நடத்துவதற்கான சட்டத்தை இயற்றியது. "ஊரான் பிள்ளை படிப்பதற்கு நான் ஏன் வரி கட்ட வேண்டும்?" என்ற எதிர்ப்பு கிராமந்தோறும் கிளம்பியது. அடுத்து வந்த சட்டமன்றத்தில் மாநில செனட் சட்டத்தை ரத்து செய்ய வாக்களித்துவிட, கீழவையும் அவ்வாறே செய்யும் என்று எல்லோரும் எதிர்பார்த்திருந்த வேளையில், 1835 ஏப்ரலில் ஸ்டீவன்ஸ் எழுந்து பேசினார்.

பழைய சட்டத்தில் ஏழைப் பிள்ளைகளுக்கு மட்டும் அரசு கட்டணம் செலுத்தும் ஏற்பாடு இருந்தது. அதற்குப் பெற்றோர் தங்களை ஏழைகள் என்று பதிவு செய்துகொள்ள வேண்டும். ஏழைகளைத் தனியாகப் பிரித்து முத்திரை குத்தும் அந்த ஏற்பாட்டை அவர் கடுமையாகச் சாடினார். சிறைச்சாலைக்கு வரி கட்டுகிறவர், தான் ஒருநாளும் அங்கே போகப்போவதில்லை என்று சொல்லி மறுப்பதில்லையே என்று கேட்டார். வாக்கெடுப்பில் சட்டம் தப்பியது. தம் வாழ்நாளில் செய்தவற்றுள் தமக்கு மிகவும் நிறைவு தந்தது இதுவே என்று அவர் பின்னாளில் கருதினார்.

சட்டமன்றத்தின் ஜன்னல் வழியாக அவர் குதித்து ஓடினார் என்பது உண்மையா?

உண்மைதான். 1838 தேர்தல் முடிவுகளைப் பற்றிய தகராறில் ஹாரிஸ்பர்க்கில் இரு தரப்பும் தனித்தனி அவைகளை அமைத்துக்கொண்டன; ஆத்திரமடைந்த கூட்டம் உள்ளே புகுந்தபோது ஸ்டீவன்சும் அவருடைய கூட்டாளிகளும் பின்பக்க ஜன்னல் வழியாக இறங்கித் தப்பினார்கள். 'பக்‌ஷாட் போர்' என்று கேலிப்பெயர் பெற்ற அந்தத் தகராறில் அவருடைய தரப்பும் நேர்மையாக நடந்துகொள்ளவில்லை. அவரை அப்பழுக்கற்றவராகக் காட்ட விரும்புகிறவர்கள் இந்த அத்தியாயத்தை வேகமாகக் கடந்துவிடுவது வழக்கம்.

வாஷிங்டனுக்கு அவர் எப்போது போனார்?

இரும்பாலைத் தொழிலில் ஏற்பட்ட பெருங்கடனை அடைப்பதற்காக 1842-இல் லாங்காஸ்டருக்குக் குடிபெயர்ந்து, அங்கு வக்கீல் தொழிலில் நன்றாகச் சம்பாதித்தார். 1848-இல், அன்றைய இரு பெரிய கட்சிகளுள் ஒன்றான விக் கட்சியின் வேட்பாளராகக் காங்கிரசுக்கு வென்றார். தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துக் கொடுக்க வேண்டும் என்ற 1850-ஆம் ஆண்டுச் சட்டத்தை அவர் கடுமையாக எதிர்த்தது கட்சிக்குள்ளேயே பலருக்குப் பிடிக்கவில்லை. மறு ஆண்டு லாங்காஸ்டர் அருகே கிறிஸ்டியானா என்ற ஊரில், அடிமைகளைப் பிடிக்க வந்த சொந்தக்காரர் ஒருவர் கொல்லப்பட்டார். பிடிப்பதற்கு உதவ மறுத்த காஸ்ட்னர் ஹான்வே என்பவர்மீது தேசத்துரோக வழக்குத் தொடரப்பட்டது. ஹான்வேக்காக வாதாடிய வக்கீல்களில் ஸ்டீவன்சும் ஒருவர். ஹான்வே விடுதலை ஆனார். ஸ்டீவன்ஸ் 1853-இல் காங்கிரசை விட்டு வெளியேறி, புதிதாகப் பிறந்த குடியரசுக் கட்சியில் சேர்ந்து, 1859-இல் 67 வயதில் திரும்பி வந்தார். மற்றவர்கள் ஓய்வெடுக்கும் வயதில்தான் அவருடைய பெரிய வேலை தொடங்கியது.

போர்க்காலத்தில் அவருடைய பொறுப்பு என்ன?

1861 முதல் 1865 வரை வழிவகைக் குழுவின் தலைவராக இருந்தார். அந்நாளில் வரி, கடன், அரசுச் செலவு மூன்றும் அந்த ஒரே குழுவின் கையில் இருந்தன. போரின் முதல் குளிர்காலத்திலேயே வங்கிகள் தங்கம் கொடுப்பதை நிறுத்திவிட்டன. படைவீரருக்குச் சம்பளம் போடக் கருவூலத்தில் காசில்லை. 1862 பிப்ரவரி 25-ஆம் நாள் சட்டமான மசோதா, தங்கத்தால் ஈடு செய்யப்படாத 15 கோடி டாலர் காகித நோட்டுகளை அச்சிடவும், அவற்றைக் கடனுக்கு ஈடாக எல்லோரும் ஏற்க வேண்டும் என்று கட்டாயமாக்கவும் வழிசெய்தது. பின்புறம் பச்சை மையில் அச்சிடப்பட்டதால் மக்கள் அவற்றைப் 'பச்சை நோட்டு' என்றே அழைத்தார்கள். கடன் பத்திரங்களுக்கான வட்டியை மட்டும் தங்கத்தில் கொடுக்க வேண்டும் என்று செனட் சேர்த்த திருத்தம் அவருக்குக் கசந்தது: சிப்பாய்க்கு ஒரு பணம், வட்டிக்காரருக்கு வேறொரு பணமா என்பது அவருடைய ஆட்சேபம். ஆனாலும் படைக்குப் பணம் போக வேண்டும் என்பதற்காக ஏற்றுக்கொண்டார்.

போர் அவருடைய சொத்தையும் விட்டுவைக்கவில்லை. கெட்டிஸ்பர்க் போருக்குச் சில நாள்கள் முன்பு, 1863 ஜூன் 26-இல், தென்படைத் தளபதி ஜூபல் எர்லி, சேம்பர்ஸ்பர்க் அருகில் இருந்த அவருடைய கேலடோனியா இரும்பாலையைத் தீயிட்டு அழித்தார். தென்பகுதிக்கு எதிரான ஸ்டீவன்சின் நிலைப்பாடே அதற்குக் காரணம் என்பதை எர்லி மறைக்கவில்லை.

லிங்கனும் அவரும் நண்பர்களா, எதிரிகளா?

இரண்டும் இல்லை. அடிமைகளை உடனே விடுவித்து ஆயுதம் கொடுங்கள் என்று ஸ்டீவன்ஸ் 1861 முதலே நெருக்கினார். அடிமை முறை இருந்தும் ஒன்றியத்தை விட்டு விலகாத எல்லைப்புற மாநிலங்கள் கைநழுவிவிடக்கூடாது என்று லிங்கன் பொறுத்திருந்தார். அடிமை முறையை ஒழித்த 13-ஆவது திருத்தம் 1865 ஜனவரி 31-இல் 119-க்கு 56 என்ற வாக்குகளில் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியபோது இருவரும் ஒரே பக்கம் நின்றார்கள். அவருடைய நாக்கைப் பற்றிப் பரவலாகச் சொல்லப்படும் கதையிலும் லிங்கன் வருகிறார். பென்சில்வேனியா அரசியல்வாதி சைமன் கேமரனைப் பற்றி, "அவர் திருடுவார் என்றா சொல்கிறீர்கள்?" என்று லிங்கன் கேட்டாராம். "பழுக்கக் காய்ந்த அடுப்பைத் திருடமாட்டார் என்று நினைக்கிறேன்" என்றாராம் ஸ்டீவன்ஸ்.

1865 டிசம்பர் 4 என்ற நாளுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

லிங்கனின் கொலைக்குப் பிறகு பதவிக்கு வந்த ஆண்ட்ரூ ஜான்சன், காங்கிரஸ் கூடாத மாதங்களில் தென்மாநிலங்களுக்குத் தாராளமாக மன்னிப்பு வழங்கி, அவற்றின் பழைய தலைவர்கள் மீண்டும் ஆட்சியமைக்க இடம் கொடுத்தார். அந்த அரசுகள், விடுதலையான கறுப்பினத்தவர் வேலையை விட்டு விலகுவதையும் ஊர்விட்டு ஊர் போவதையும் குற்றமாக்கும் சட்டங்களை இயற்றின. காங்கிரசுக்கும் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்து அனுப்பிவைத்தன. அவர்கள் அவையில் அமர்ந்துவிட்டால் ஜான்சனின் திட்டம் நிறைவேறிவிடும்.

அன்று பகல் அவை கூடியபோது, வழக்கப்படி எழுத்தர் உறுப்பினர் பட்டியலைப் படித்தார். எழுத்தரான எட்வர்ட் மெக்பெர்சன் கெட்டிஸ்பர்க்காரர்; ஸ்டீவன்சால் வளர்க்கப்பட்டவர். அவர் தென்மாநிலப் பெயர்கள் எதையும் வாசிக்கவில்லை. ஒன்றியத்துக்கு விசுவாசமாக இருந்தவர் என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட டென்னசியின் ஹொரேஸ் மேனார்ட் எழுந்து பேச முயன்றார்; பட்டியலில் பெயர் இல்லாதவரின் பேச்சைக் கேட்க முடியாது என்று எழுத்தர் மறுத்துவிட்டார். பிறகு ஸ்டீவன்ஸ், தென்மாநிலங்களின் தகுதியை ஆராய இரு அவைகளிலிருந்தும் 15 பேர் கொண்ட கூட்டுக்குழு அமைக்க வேண்டும் என்ற தீர்மானத்தைக் கொண்டுவந்தார். இரண்டு நாள்களுக்கு முன்பே கட்சிக் கூட்டத்தில் எல்லாம் பேசி முடிக்கப்பட்டிருந்தது. உரத்த குரல் எதுவுமின்றி, ஒரு பெயர்ப்பட்டியலை வைத்தே குடியரசுத் தலைவரின் திட்டம் முடக்கப்பட்டது.

14-ஆவது திருத்தத்தில் அவருடைய பங்கு என்ன?

முதலில் ஒரு கணக்கைப் புரிந்துகொள்ள வேண்டும். பழைய அரசியலமைப்புப்படி, ஒரு மாநிலத்துக்கு எத்தனை இடங்கள் என்று கணக்கிடும்போது ஐந்து அடிமைகள் மூன்று பேராக எண்ணப்பட்டார்கள். அடிமை முறை ஒழிந்ததும் ஐந்து பேரும் ஐந்து பேராகவே எண்ணப்படுவார்கள். அவர்களுக்கு வாக்குரிமை கிடையாது. அவர்களுடைய தலைகளை எண்ணி அவர்களுடைய பழைய எஜமானர்கள் முன்பைவிட அதிக இடங்களோடு காங்கிரசுக்கு வருவார்கள். போரில் தோற்றவர்களுக்கு எண்ணிக்கையில் வெற்றி! இதை முதலில் அடைக்க வேண்டும் என்பதில் ஸ்டீவன்ஸ் உறுதியாக இருந்தார்.

கூட்டுக்குழு உருவாக்கிய திருத்தம், அமெரிக்க மண்ணில் பிறந்தவர்கள் குடிமக்கள் என்றும், எந்த மாநிலமும் எவருக்கும் சட்டத்தின் சமப் பாதுகாப்பை மறுக்கக்கூடாது என்றும் கூறியது. குடிமக்களான ஆண்களுக்கு வாக்குரிமை மறுக்கும் மாநிலம் அதே விகிதத்தில் காங்கிரஸ் இடங்களையும் இழக்கும் என்றது. முதல் பகுதியின் வாசகத்தில் பெரும்பங்கு ஒஹாயோவின் ஜான் பிங்கமுக்கு உரியது. குழுவில் அதை நகர்த்தி, அவையில் வாக்குகளைத் திரட்டியது ஸ்டீவன்ஸ். கிளர்ச்சியில் தாமாக விரும்பிச் சேர்ந்தவர்களுக்கு 1870 வரை தேசியத் தேர்தல்களில் வாக்குரிமை கூடாது என்ற பிரிவை அவர் மிகவும் விரும்பினார். செனட் அதை எடுத்துவிட்டு, அதிகாரிகளாக இருந்து சத்தியத்தை மீறியவர்கள் பதவி வகிப்பதை மட்டும் தடுத்தது. கறுப்பின ஆண்களுக்கு நேரடி வாக்குரிமையும் அதில் இல்லை.

1866 ஜூன் 13-இல், செனட்டிலிருந்து திரும்பி வந்த அந்த வடிவத்தின்மீது அவர் பேசினார். மனித ஒடுக்குமுறையின் சுவடே இல்லாதபடி நாட்டின் அமைப்புகளை மாற்றி எழுதும் வாய்ப்பு ஒருநாள் வரும் என்று இளமையிலும் முதுமையிலும் தாம் கனவு கண்டதாகவும், அந்தக் கனவு கலைந்துவிட்டதாகவும், பழைய கட்டடத்தின் மிக மோசமான பகுதிகளை ஒட்டுப்போடுவதோடு திருப்தி அடைய வேண்டியிருப்பதாகவும் சொன்னார். இவ்வளவு குறையுள்ள ஒன்றை ஏன் ஏற்கிறீர்கள் என்று கேட்டால், "நான் மனிதர்களிடையே வாழ்கிறேன், தேவதூதர்களிடையே அல்ல" என்பதே தம் பதில் என்றார். சபை 120-க்கு 32 என்று ஏற்றுக்கொண்டது. தாம் கொண்டுவரும் சட்டத்தையே அரைகுறை என்று அவையில் அறிவித்துவிட்டு, அதற்கே வாக்குக் கேட்ட தலைவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. ஸ்டீவன்சைப் பற்றி ஒரே ஓர் உரையைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்பவர்களுக்கு நான் பரிந்துரைப்பது இதையே.

நிலப் பங்கீட்டுத் திட்டம் என்று சொல்கிறார்களே, அது என்ன?

அவர் தோற்ற போராட்டம் அது. எனக்கு அதுவே அவருடைய சிந்தனையின் மையமாகப் படுகிறது. 1865 செப்டம்பர் 6-இல் லாங்காஸ்டரில் ஆற்றிய உரையில் கணக்கை வரிவரியாக அடுக்கினார். கிளர்ச்சி செய்த மாநிலங்களில் உள்ள 46.5 கோடி ஏக்கரில் 39.4 கோடி ஏக்கர், அந்த மாநில அரசுகளிடமும் தலைக்கு 200 ஏக்கருக்கு மேல் வைத்திருக்கும் சுமார் 70,000 பேரிடமும் இருக்கிறது. அதைப் பறிமுதல் செய்து, விடுதலையான வயதுவந்த ஆண்கள் சுமார் 10 லட்சம் பேருக்கு ஆளுக்கு 40 ஏக்கர் கொடுத்தால் 4 கோடி ஏக்கர் போகும். மீதியை ஏக்கர் 10 டாலருக்கு விற்றால் 354 கோடி டாலர் வரும். படைவீரர் ஓய்வூதியத்துக்கும் போர்க்கடனுக்கும் அது பயன்படும். சிறு விவசாயிகளின் நிலத்தைத் தொட வேண்டியதில்லை.

நிலம் இல்லாதவருக்கு வாக்குச்சீட்டு மட்டும் இருந்தால், நிலம் வைத்திருப்பவர் சொல்லும் இடத்தில்தான் அந்தச் சீட்டு விழும் என்பது அவருடைய வாதத்தின் சாரம். ஆனால் தனிச்சொத்தில் கைவைப்பதை அவருடைய சொந்தக் கட்சியே ஏற்கவில்லை. வடபகுதி ஆலை முதலாளிகள் தெற்கில் மீண்டும் பருத்தி விளைய வேண்டும் என்று விரும்பினார்கள். நாற்பது ஏக்கர் சொந்தமாக இருப்பவர் பருத்திக்குப் பதிலாகச் சோளம் பயிரிட்டுக்கொண்டு நிம்மதியாக இருந்துவிடுவாரே என்ற கவலையும் இருந்தது. 1866 பிப்ரவரியில் பறிமுதல் நிலத்தை விடுதலையானோருக்கு அளிக்க அவர் கொண்டுவந்த திருத்தத்துக்குக் கிடைத்தவை 37 வாக்குகள்; எதிராக 126. மறு ஆண்டும் ஒரு மசோதாவோடு வந்தார், அதுவும் நகரவில்லை. பிறகு என்ன நடந்தது என்பது தெரிந்ததே. பழைய எஜமானரின் நிலத்திலேயே வாரத்துக்குப் பயிரிட்டு, கடையில் வாங்கிய கடனுக்கு விளைச்சலை அளந்து கொடுத்து, இரண்டு தலைமுறைக்கும் மேலாகக் கடனிலேயே அந்தக் குடும்பங்கள் கிடந்தன.

ஜான்சன் மீதான பதவிநீக்க விசாரணையில் அவர் என்ன செய்தார்?

ஜான்சனின் ரத்து அதிகாரத்தை மீறி 1867 மார்ச்சில் நிறைவேறிய, போருக்குப் பின் தென்மாநிலங்களைத் திருத்தி அமைப்பதற்கான மறுசீரமைப்புச் சட்டங்கள், தெற்கை ஐந்து இராணுவ மாவட்டங்களாகப் பிரித்து, கறுப்பின ஆண்களும் வாக்களிக்கும் தேர்தல்களை நடத்த ஆணையிட்டன. போர்த்துறைச் செயலர் எட்வின் ஸ்டான்டனை ஜான்சன் 1868 பிப்ரவரி 21-இல் நீக்கியதும் மோதல் முற்றியது. மூன்றே நாளில், 126-க்கு 47 என்ற வாக்குகளில், பிரதிநிதிகள் சபை அவர்மீது குற்றம் சாட்டியது. ஸ்டீவன்சும் பிங்கமும் செனட்டுக்குச் சென்று அதை அறிவித்தார்கள்.

அப்போது ஸ்டீவன்சால் நடக்க முடியவில்லை. இரண்டு இளைஞர்கள் நாற்காலியோடு தூக்கி வருவார்கள். "நீங்கள் இருவரும் போய்விட்டால் என்னை யார் தூக்குவார்கள்?" என்று அவர்களிடம் கேட்டதாக ஒரு செய்தி உண்டு. செனட்டில் தம் உரையைத் தொடங்கி, குரல் எழாமல் போகவே, மீதியை மாசசூசெட்சின் பெஞ்சமின் பட்லர் படித்து முடித்தார். முதலில் வாக்கெடுப்புக்கு வந்தது, ஸ்டீவன்சின் முயற்சியால் சேர்க்கப்பட்ட 11-ஆவது குற்றச்சாட்டு. மே 16-இல் 35 பேர் குற்றவாளி என்றும் 19 பேர் இல்லை என்றும் வாக்களித்தார்கள். மூன்றில் இரண்டு பங்குக்கு ஒரு வாக்கு குறைந்தது; ஜான்சன் பதவியில் நீடித்தார்.

அவர் பழிவாங்கும் வெறியர் என்று எழுதப்பட்டிருப்பது சரியா?

20-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அமெரிக்கப் பாடநூல்கள் பெரும்பாலும் அப்படித்தான் எழுதின: தெற்கை வெறுத்த, ஆலை எரிந்த கோபத்தில் செயல்பட்ட கிழவர் என்று. மறுசீரமைப்புக் காலமே ஒரு தவறு என்று நம்பிய வரலாற்றாசிரியர்களின் பார்வை அது. கறுப்பினத்தவரின் சம உரிமைப் போராட்டங்களுக்குப் பின் வந்த ஆய்வாளர்கள் அதைத் திருப்பிப் போட்டார்கள். ஆலை எரிவதற்கு 25 ஆண்டுகள் முன்பே அவர் பென்சில்வேனியா அரசியலமைப்பில் கையெழுத்திட மறுத்தவர் என்ற ஒரு செய்தியே பழிவாங்கல் கதையை ஆட்டம் காணச் செய்யும். மறுபக்கம், அவர் பேச்சில் கொடூரம் உண்டு, எதிராளியை அவமானப்படுத்துவதில் இன்பம் கண்டார் என்பதையும் மறுக்க வேண்டியதில்லை. சில வாக்குகளை அந்த நாக்கே இழக்கச் செய்திருக்கும்.

லிடியா ஹாமில்டன் ஸ்மித் யார்?

கெட்டிஸ்பர்க்கில் பிறந்த, கலப்பின மரபைச் சேர்ந்த கைம்பெண். 1840-களிலிருந்து ஸ்டீவன்ஸ் இறக்கும் வரை அவருடைய லாங்காஸ்டர், வாஷிங்டன் வீடுகளை நிர்வகித்தார். ஸ்டீவன்ஸ் மணம் செய்துகொள்ளவில்லை; எனவே ஊர் வாய் சும்மா இருக்கவில்லை. இருவரும் கணவன் மனைவியாக வாழ்ந்தார்கள் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. அவர் அந்தப் பெண்ணை மரியாதையோடு 'திருமதி ஸ்மித்' என்றே அழைத்தார் என்பதற்கு உண்டு, அந்தக் காலத்தில் அது சாதாரணமன்று. ஸ்டீவன்ஸ் தம் உயிலில் திருமதி ஸ்மித்துக்கு ஆண்டுதோறும் 500 டாலர் அல்லது மொத்தமாக 5,000 டாலர் என்று எழுதிவைத்தார். திருமதி ஸ்மித் அந்த லாங்காஸ்டர் வீட்டையே பின்னர் விலைக்கு வாங்கினார்.

அவர் எப்போது இறந்தார்? எங்கே அடக்கம் செய்யப்பட்டார்?

1868 ஆகஸ்ட் 11-ஆம் நாள் நள்ளிரவில் வாஷிங்டனில் இறந்தார். 14-ஆவது திருத்தம் அதற்கு முந்தைய மாதந்தான் நடைமுறைக்கு வந்திருந்தது. உடல் காங்கிரஸ் மாளிகையின் வட்ட மண்டபத்தில் வைக்கப்பட்டு, கறுப்பினப் படைவீரர்கள் காவல் நின்றார்கள். லாங்காஸ்டரின் குடியரசுக் கட்சியினர் இறந்தவரையே அடுத்த தேர்தலுக்கு வேட்பாளராக அறிவித்து மரியாதை செய்தார்கள். நகரின் பெரிய இடுகாடுகள் கறுப்பினத்தவரை ஏற்காததால், அந்தத் தடை இல்லாத ஷ்ரைனர் இடுகாட்டைத் தேர்ந்தெடுத்திருந்தார். அந்தக் காரணத்தைக் கல்லறையில் பொறிக்கும்படி வாசகத்தையும் தாமே எழுதிவைத்திருந்தார்.

அவருடைய சொத்து என்ன ஆனது?

உயில் ஒரு தனிக்கதை. அவருடைய பெயரையே கொண்ட சகோதரர் மகன் தாடியசுக்கு மதுப்பழக்கம் இருந்தது. அவர் ஐந்தாண்டுகள் குடிக்காமல் இருந்தால் சொத்தில் கால் பங்கு, இன்னும் ஐந்தாண்டுகள் இருந்தால் மற்றொரு கால் பங்கு என்று தவணை முறையில் எழுதப்பட்டிருந்தது. அந்த நிபந்தனை நிறைவேறுவதற்கு முன்பே அவர் 1874-இல் இறந்துவிட்டார். எஞ்சிய சொத்து 50,000 டாலர் தேறினால் ஆதரவற்ற பிள்ளைகளுக்கு லாங்காஸ்டரில் ஒரு விடுதி கட்ட வேண்டும். இனமோ நிறமோ பெற்றோரின் மதமோ பார்த்து எவரையும் விலக்கக்கூடாது. எல்லோரும் ஒரே வகுப்பில் படித்து ஒரே பந்தியில் உண்ண வேண்டும் என்பது ஏற்பாடு. உறவினர் வழக்குகளால் பல ஆண்டுகள் இழுபட்டு, மாநில அரசின் நிதியும் சேர்ந்து, 1905-இல் அது ஒரு தொழிற்பள்ளியாக உருவெடுத்தது. இன்று அது தாடியஸ் ஸ்டீவன்ஸ் தொழில்நுட்பக் கல்லூரி என்ற பெயரில் லாங்காஸ்டரில் இயங்குகிறது. வசதியற்ற குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அங்கே முன்னுரிமை உண்டு.